தோட்ட மருத்துவமனை முதல் ரிஷிகேஷ் வரை: ஜொகூரில் வேலை பார்த்த சிவானந்தர் மன அழுத்தம் பற்றி நமக்கு என்ன கற்றுத் தருகிறார்?

மன அழுத்தமா, தினமும் பத்து நிமிடம் தியானம் செய்யுங்கள். இந்த ஆலோசனையை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? ஃபோனில் இருக்கும் செயலி சொல்கிறது, வேலை இடத்தில் மேலாளர் சொல்கிறார், வீட்டில் பாட்டியும் அதையேதான் சொல்கிறார்.

பொந்தியானில் இருந்து விடியும் முன்பே கிளம்பி, இரண்டாவது இணைப்புப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்புபவரா நீங்கள்? அப்படியென்றால் இதைக் கேட்டதும் எரிச்சல்கூட வரலாம். சாப்பிடவே நேரம் இல்லை, இதில் கண்ணை மூடிக்கிட்டு உட்காரணுமா என்று தோன்றும். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒரு விஷயம். தியானத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவர், உங்களைப் போலவே ஊரை விட்டு வந்து, ஓய்வில்லாமல் உழைத்த ஒரு தமிழர். பொந்தியானில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜொகூர் பாருவில் மருத்துவராக இருந்தவர். அப்போது அவர் பெயர் டாக்டர் குப்புசாமி. பின்னாளில் உலகம் அவரை சுவாமி சிவானந்தர் என்று அறிந்தது.

அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், தியானம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது கொஞ்சம் தெளிவாகும். வாங்க, பார்ப்போம்.

யார் இந்த டாக்டர் குப்புசாமி?

கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை, திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது. அந்த ஊரில் 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்தார் குப்புசாமி. எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பு, திருச்சியில் கல்லூரி, பிறகு தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு.

1909இல் ஆம்ப்ரோசியா என்ற பெயரில் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார். சுமார் நான்கு ஆண்டுகள் அதை நடத்தினார். உடல்நலம் பற்றிச் சாதாரண மக்களுக்கும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவருக்கு இருந்தது.

ஆனால் பத்திரிகையால் வயிறு நிறையவில்லை. 1913இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த இனிப்புகளைத் தின்றே பயணத்தை ஒப்பேற்றினார் என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள்.

மலாயாவில் என்ன செய்தார்?

சிரம்பானுக்கு அருகே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அங்கே சுமார் ஏழு ஆண்டுகள். பிறகு 1920 வாக்கில் ஜொகூர் பாருவுக்கு வந்து, 1923 வரை அங்கே பணியாற்றினார்.

அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையை உங்கள் கொள்ளுப் பாட்டி, கொள்ளுத் தாத்தா வழியாகக் கேட்டிருப்பீர்கள். இருட்டிலேயே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு பால்மரம் வெட்டப் போக வேண்டும். லயத்து வீடு, கங்காணியின் அதிகாரம், மலேரியா காய்ச்சல். ஒப்பந்தக் கூலி முறை 1910களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தாலும், தோட்டத்து வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. பலருக்கு மனச்சுமையை இறக்கி வைக்கக் கள்ளுக்கடையைத் தவிர வேறு இடமும் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு மருத்துவமனையில்தான் குப்புசாமி வேலை பார்த்தார். நோயாளிகளைக் கவனிப்பது, மருந்து கலந்து கொடுப்பது, கணக்கு வழக்கு எல்லாம் அவர் தலையில். வேலைப் பளு தாங்காமல் விலகிவிட நினைத்தார் என்றும், தோட்ட மேலாளர் அவரை விடவில்லை என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இன்று நாம் பர்ன்அவுட் என்று சொல்கிறோமே, அதன் விளிம்பை அவரும் தொட்டிருக்கிறார்.

அதே காலத்தில்தான் அவர் ஆன்மிக நூல்களைப் படிக்கவும், வேலை முடிந்த நேரத்தில் பூஜை, பஜனை, யோகப் பயிற்சி செய்யவும் தொடங்கினார். ஏழை நோயாளிகளிடம் பணம் வாங்காமல், தன் கையில் இருந்ததையும் கொடுத்து அனுப்புவாராம். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நடந்தன என்பதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏன் போனார்?

1923இல், நல்ல வருமானம் இருந்த நேரத்தில், வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

வடக்கே பல ஊர்களில் அலைந்து, 1924இல் ரிஷிகேஷ் சென்று சேர்ந்தார். அந்த ஆண்டு ஜூன் 1 அன்று துறவறம் ஏற்று சிவானந்தர் ஆனார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குப்புசாமி திருமணம் ஆகாதவர், கையில் சேமிப்பு வைத்திருந்தவர். அவரால் கிளம்ப முடிந்தது. அவரிடம் மருந்து வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. கார் கடனும் தம்பியின் படிப்புச் செலவும் தோளில் இருக்கும் உங்களுக்கும் இல்லை. அப்படியென்றால் அவருடைய கதையில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

துறவி ஆன பிறகும் ஊசி போட்டவர்

பதில், அவர் ரிஷிகேஷில் செய்த வேலையில் இருக்கிறது. குகையைத் தேடிப் போனவர் என்று நாம் நினைப்போம். ஆனால் அவர் திரும்பவும் மருந்துப் பெட்டியைத்தான் திறந்தார். லட்சுமண் ஜூலா பகுதியில் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். தியானத்துக்கு என்று தனி நேரம், நோயாளிகளுக்கு என்று தனி நேரம்.

1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். 1948இல் யோக வேதாந்தப் பயிற்சிக்கூடம் வந்தது. 1963 ஜூலை 14 அன்று மறையும் வரை நூற்றுக்கணக்கான நூல்களை எழுதினார். அவற்றில் பல எளிய ஆங்கிலத்தில், வேலைக்குப் போகும் சாதாரண மக்களுக்காக எழுதப்பட்டவை.

அவர் சொல்லிக் கொடுத்த வரிசையில் முதலில் வருவது தியானம் அல்ல, சேவை. அடுத்தவருக்கு உதவுவது, அன்பு காட்டுவது, கொடுப்பது, மனத்தைச் சுத்தம் செய்வது. தியானம் அதற்குப் பிறகுதான். பக்கத்தில் இருப்பவரின் வலியைக் கண்டுகொள்ளாமல் கண்ணை மூடி உட்காருவது அவருடைய பாடத்தில் இல்லை.

ஆன்மிக டைரி என்ற ஒரு பழக்கத்தையும் அவர் சொல்லிக் கொடுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், எவ்வளவு நேரம் தியானம் செய்தேன், எத்தனை தடவை கோபப்பட்டேன் என்று தினமும் குறித்து வைக்க வேண்டும். இன்று கைக்கடிகாரமும் செயலியும் செய்கிற வேலையை, அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யச் சொன்னார். ஒரு மருத்துவர் நோயாளியின் விவரத்தைக் குறிப்பதுபோல, நம்மை நாமே கவனிக்கிற பழக்கம் அது.

அவருடைய சீடர்கள் இதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். விஷ்ணுதேவானந்தர் கனடாவில் மையம் அமைத்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரரான சச்சிதானந்தர், 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசினார். மலேசியாவிலும் பத்துமலையில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் இருக்கிறது.

தியானம் செய்யும்போது உடலில் என்ன நடக்கிறது?

பதற்றம் வரும்போது உடல் ஓடவோ, எதிர்த்து நிற்கவோ தயாராகிறது. அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலேயே நிற்கும், தசை இறுகும். பாம்பைக் கண்டால் இது தேவைதான். ஆனால் மேலாளரின் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தாலும் தினமும் இதுவே நடந்தால் உடல் தேய்ந்துபோகும்.

மெதுவாக மூச்சு விடும்போது, குறிப்பாக மூச்சை நிதானமாக வெளியே விடும்போது, வேகஸ் என்ற நரம்பின் வழியாக உடலை அமைதிப்படுத்தும் அமைப்பு வேலை செய்யத் தொடங்குகிறது. இதயத் துடிப்பு குறைகிறது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் இதைப் பற்றி 1975இல் ஒரு நூலே எழுதினார். 1979இல் ஜான் கபாட்-ஜின், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியைத் தொடங்கினார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, மொத்தம் 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை அலசியது. மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானப் பயிற்சி ஓரளவு குறைக்கிறது என்பதற்கு மிதமான ஆதாரம் இருப்பதாக அது கண்டது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தூக்கம், கவனம் போன்றவற்றில் பலன் உண்டா என்று சொல்லவும் அப்போது போதுமான ஆதாரம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், தியானம் ஒரு நல்ல கருவி. சர்வரோக நிவாரணி இல்லை. ஓவர்டைம் காசு தராத முதலாளியை அது திருத்தாது, தூங்க நேரம் தராத வேலை நேரத்தை மாற்றாது. அன்றைய தோட்டத்து மலேரியாவுக்கு மருந்தும் கொசு ஒழிப்பும்தான் தேவைப்பட்டன, தியானம் அல்ல. மருத்துவராக இருந்த சிவானந்தருக்கு அது தெரியும். அதனால்தான் கடைசி வரை மருந்தகத்தை மூடவில்லை.

எப்படித் தொடங்கலாம்?

தியானத்தை எளிமையாகத் தொடங்க மதம் ஒரு தடையல்ல, தரையில் உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில் ஐந்து நிமிடம் போதும். நாற்காலியிலோ, நின்றிருக்கும் தொழிற்சாலைப் பேருந்திலோ முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். ஃபோனை அமைதியாக்கிவிடுங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். வெளியே விடும் மூச்சு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்.

மனசு ஓடும். கண்டிப்பா ஓடும். நாளைய வேலை, நேற்றைய சண்டை எல்லாம் வரும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் மறுபடியும் மூச்சுக்குத் திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

இரவு தூங்கும் முன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எவ்வளவு தூங்கினேன், எதில் கோபம் வந்தது, இன்று யாருக்காவது உதவினேனா. இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது பாதி புரிந்துவிடும். வேலை நேரமே காரணம் என்று தெரிந்தால், அதைப் பற்றிப் பேச வேண்டியது மேலாளரிடம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கமோ பசியோ அடியோடு மாறினால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், தியானத்தை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய வேதனைகள் கிளம்பி, பதற்றம் கூடுகிறதா? அது சிலருக்கு நடக்கும். நிறுத்திவிட்டு நிபுணரிடம் பேசுங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது.

உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தால் உடனே யாரிடமாவது சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உயிருக்கு ஆபத்தான அவசர நிலை என்றால் 999.

உதவி கேட்பது பலவீனம் என்று நினைக்க வேண்டாம். நோயாளியாகக் கதவைத் தட்டியவர்களுக்கு மருந்து கொடுத்த கைகள்தான் பின்னால் உலகத்துக்குத் தியானமும் சொல்லிக் கொடுத்தன.