பொம்மைகளை ஒதுக்கிய குழந்தைகள்: மரியா மாண்டிசோரியின் வாழ்வும் சென்னை நாள்களும்

ஹைதராபாத்: மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலும் மரப் பொம்மைப் பெட்டிகளிலும் இன்று சாதாரணமாகக் காணப்படும் பெயர் மாண்டிசோரி. அப்பெயருக்கு உரியவரான இத்தாலிய மருத்துவர், போர்க்காலத்தில் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர்.

மருத்துவரான பெண்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே நகரில் பிறந்தார். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அந்நாட்டின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, அவர்களின் தேவை மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு மருத்துவர்கள் இட்டார், செகுயின் ஆகியோரின் நூல்களைப் பயின்று, கைகளால் தொட்டுப் பழகும் கருவிகளை உருவாக்கினார்.

1898-இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தார். திருமணமாகாத தாய் என்பதால், மகனை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. பதின்ம வயதில்தான் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார்.

குழந்தைகள் தேர்ந்தெடுத்தவை

1907 ஜனவரி 6 அன்று ரோமின் ஏழ்மையான சான் லொரென்சோ பகுதியில், பெற்றோர் வேலைக்குச் செல்லும் வீடுகளின் குழந்தைகளுக்காக அவர் ஓர் இல்லத்தைத் திறந்தார். அங்கு விலையுயர்ந்த பொம்மைகளும் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் குழந்தைகள் அவற்றை விட்டுவிட்டு, உருளைகளைக் குழிகளில் பொருத்துவதிலும் பொத்தான் மாட்டுவதிலும் ஆழ்ந்தனர். அவர்களின் விருப்பத்தைக் கவனித்தே மாண்டிசோரி தமது முறையை வகுத்தார்.

அவரது இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை 10 கனசதுரங்கள் உண்டு. நிறம் ஒன்றே, அளவு மட்டுமே மாறும். எனவே குழந்தையின் கவனம் அளவில் நிலைக்கிறது. உருளைகளில் ஒன்று இடம் மாறினாலும் மற்றொன்று பொருந்தாது. பெரியவர் சொல்லாமலேயே குழந்தை தன் தவறை உணர்ந்து திருத்திக்கொள்கிறது.

அடையாறும் போரும்

முசோலினி அரசுடன் முரண்பட்டு 1934-இல் இத்தாலியை விட்டு வெளியேறிய அவர், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939-இல் மகனுடன் சென்னை வந்தார். அடையாற்றில் நடைபெற்ற முதல் பயிற்சியில் 300-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்ற பெயரில் ஆங்கிலேய அரசு மரியோவைக் காவலில் வைத்தது. மாண்டிசோரி அடையாற்றை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. குழந்தைப் பருவத்தில் பிரிந்த மகனை முதுமையில் மீண்டும் பிரிந்தார். அவரது 70-ஆவது பிறந்தநாளையொட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலில் இருவரும் இணைந்து பணியாற்றினர். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1952 மே 6 அன்று அவர் நெதர்லாந்தில் காலமானார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

மாண்டிசோரி என்ற பெயரை எவரும் அச்சிட்டு விற்கலாம் என்பதால், பெட்டியின் மேலுள்ள பெயர் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. மூன்று வயதை நெருங்கும் குழந்தைக்கு அடுக்குதல், பொருத்துதல், கோத்தல் போன்ற ஒரு திறனை மட்டும் பழக்கும் எளிய பொருளே போதும். பொம்மை தானே ஆடிப்பாடினால் குழந்தை வெறும் பார்வையாளராகிவிடும். விழுங்கக்கூடிய சிறு பாகங்கள் இருத்தல் கூடாது. 2021 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும்.

சட்டை பொத்தான், மூடியுள்ள டப்பாக்கள், பயறு அள்ளும் கரண்டி ஆகியவையும் பெரியவர் அருகில் இருக்கும்போது நல்ல கருவிகளே. சான் லொரென்சோ குழந்தைகள் நாடியதும் இத்தகைய வேலைகளையே.