நாயைக் கைவிடாத மனிதர்

சொர்க்கத்தின் வாசல் வரை தம்முடன் வந்த நாயை விட்டுவிட்டு, தாம் மட்டும் உள்ளே போக மறுத்தார் தருமர். கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு வட்டாரத்தில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்.

அமெரிக்காவிலும் அப்படி ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் லீ டங்கன். ஊமைப்பட காலத்தில் உலகையே மயக்கிய ‘ரின் டின் டின்’ என்ற நாயை வளர்த்தவர் அவர்தான்!

அனாதை விடுதி

டங்கன் 1893-ல் கலிபோர்னியாவில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோதே தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். வறுமை தாங்காத தாய், மகனையும் மகளையும் அனாதை விடுதியில் சேர்த்தாள். சில ஆண்டுகள் கழித்து வந்து அழைத்துப் போனாள். ஆனாலும் தனித்து விடப்பட்ட அந்த வேதனை டங்கன் மனதை விட்டுப் போகவே இல்லை.

குண்டுக்குத் தப்பிய குட்டி

முதல் உலகப் போர் வந்தது. டங்கன் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சு நாட்டுக்குப் போனார். 1918 செப்டம்பரில் ஒருநாள், குண்டு விழுந்து நொறுங்கிய நாய்க்கொட்டடி ஒன்றைக் கண்டார். ஜெர்மானியர் விட்டுச் சென்ற கொட்டடி அது. உள்ளே ஒரு தாய் நாயும் கண் திறக்காத 5 குட்டிகளும் உயிரோடு இருந்தன!

இரண்டு குட்டிகளை அவரே வளர்த்தார். போர் முடிந்ததும் கப்பலில் ஊருக்குக் கொண்டுவந்தார். பெண் குட்டி நோய் கண்டு இறந்தது. மிஞ்சியது ரின் டின் டின்.

கதாநாயகன் ஆனது

நாய்க் காட்சி ஒன்றில் ரின் டின் டின் ஏறத்தாழ 12 அடி உயரச் சுவரைத் தாண்டியது. அதை ஒருவர் படம் பிடித்தார். நாயை சினிமாவில் நடிக்க வைக்கும் ஆசை டங்கனுக்கு வந்தது. நாயும் கையுமாகப் படக் கம்பெனிகளின் படி ஏறி இறங்கினார். 1923-ல் வார்னர் கம்பெனி எடுத்த படம் பெரும் வெற்றி பெற்றது.

1925-ல் வந்த ‘ஓநாய்களின் மோதல்’ படத்தில் அது ஓநாய்க் கூட்டத்தின் தலைவன். காலில் முள் குத்தித் தவிக்கிறது. ஓர் இளைஞன் முள்ளை எடுத்துக் காப்பாற்றுகிறான். பிறகு அவன் வில்லனால் அடிபட்டுக் கிடக்கும்போது, நாய் ஓடிச் சென்று அவனுடைய காதலிக்குச் செய்தி சேர்க்கிறது. நன்றி மறவாத அந்த நாயைக் கண்டு ஜனங்கள் உருகினார்கள்.

பேச்சு வந்தது, வேலை போனது

ஊமைப்படத்தில் நாய்க்கு ஒரு வசதி இருந்தது. காமிரா ஓடும்போதே டங்கன் அருகில் நின்று கட்டளையிடலாம். அவர் குரல் படத்தில் பதியாது. பேசும் படம் வந்ததும் அந்த வசதி போயிற்று. ஜனங்களும் வசனம் கேட்க ஆசைப்பட்டார்கள். நாய் வசனம் பேசுமா? 1929-ல் வார்னர் கம்பெனி அதை அனுப்பிவிட்டது. இங்கே தமிழில் ‘காளிதாஸ்’ பேசியது 1931-ல்.

டங்கனின் குடும்பமும் முன்பே உடைந்திருந்தது. அவருக்கு நாய் மேல்தான் அன்பு என்று சொல்லி மனைவி விவாகரத்துப் பெற்றாள். புகழுக்கு அவர் கொடுத்த விலை அது.

1932 ஆகஸ்டு 10-ந் தேதி ரின் டின் டின் இறந்தது. நாட்டில் பணமுடை வாட்டிய நேரம். டங்கனும் நொடித்துப் போனார். ஆனாலும் அதன் வாரிசு நாய்களை அவர் கைவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவ நாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1954-ல் அந்தப் பெயர் டெலிவிஷனில் மீண்டும் புகழ் பெற்றது.

டங்கன் 1960-ல் காலமானார். ரின் டின் டின்னின் சமாதி பாரிசு நகரை அடுத்த நாய்களின் இடுகாட்டில் இருக்கிறது. குண்டு மழையில் பிறந்த குட்டி, உலகையெல்லாம் வென்று, பிறந்த நாட்டு மண்ணிலேயே உறங்குகிறது!