கால்டுவெல் திறந்த கதவு

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலம் போய்விட்டது. சங்கு எடுக்க மூழ்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்பளத்தில் வெயிலோடு போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தில் வியர்வை சிந்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த உழைப்பாளிகளின் ஊரில், ஒரு பள்ளியின் வாயிலில் அயர்லாந்தில் பிறந்த ஒருவரின் பெயர் நிற்கிறது. கால்டுவெல்! சாயர்புரத்தில் இருந்த கல்லூரியை அவர் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது 1883-ல். கல்லூரி நிலைக்கவில்லை, பள்ளி நிலைத்தது. அந்த ஆண்டிலிருந்து எண்ணினால் 140 ஆண்டு கடந்தாயிற்று. 2033-ல் 150 நிறைகிறது. விழா எடுப்பார்கள், வளைவு கட்டுவார்கள், மாலை போடுவார்கள். போடட்டும்! ஆனால், தோழர்களே, மாலை போடுமுன் அந்த மனிதரின் கதையை, நிறையும் குறையுமாக, முழுதும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7-ம் நாள் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். இளமையில் ஓவியம் கற்கப் போனவர், பிறகு கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். 1838 ஜனவரியில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியபோது அவருக்கு வயது 23. மதம் பரப்பத்தான் வந்தார்; அதை மறைப்பானேன்? ஆனால் பல்லக்கில் பவனி வந்தவரல்லர். 1841-ல் சென்னையை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராக, மக்களின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, கால்நடையாகவே நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடம் இடையன்குடி. செம்மணல் தேரி, பார்த்த இடமெல்லாம் பனை. காலையும் மாலையும் பனையேறி, பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி வயிறு கழுவிய மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். கோயிலுக்குள் அவர்கள் நுழையக் கூடாது என்றது அன்றைய சமுதாயம். பனையின் உச்சியைத் தொட்டவனுக்குப் பாடப் புத்தகத்தின் முதல் பக்கம் எட்டவில்லை! அந்த மண்ணில் கால்டுவெல் நேரான தெருக்களை அமைத்தார், கிணறு வெட்டினார், பள்ளி வைத்தார். 1844-ல் நாகர்கோவிலைச் சேர்ந்த மிஷனரி குடும்பத்துப் பெண் எலைசாவை மணந்தார். தமிழ்ப் பேச்சு நன்கறிந்த அந்த அம்மையார், பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தினார். சரிகை பின்னும் தொழிலையும் கற்றுக்கொடுத்தார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், பெண்ணின் கையில் எழுத்தும் இருந்தது, கூலியும் இருந்தது.

பகலில் பள்ளி, கோயில், பஞ்சாயத்து. இவற்றுக்கிடையேதான் அவர் மொழிகளை ஆராய்ந்தார். 1856-ல் வெளிவந்தது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் வடமொழியின் வயிற்றில் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்பதைச் சொல்லும் வேரும் காட்டி நிறுவியது அந்நூல். 1816-லேயே சென்னையில் எல்லிஸ் இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார். அந்தப் பெருமையை அவருக்குத் தருவோம். உலகறிய விரித்து உறுதிப்படுத்திய பெருமை கால்டுவெல்லுக்கு. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவரும் அவரே. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் சேரச் சேரக் கடல் விலகியது; துறைமுகம் வயலானது. 1881-ல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

இவ்வளவு செய்தவர் குறையே இல்லாதவரா? இல்லை, தோழர்களே! 1849-ல் அவர் எழுதிய ஒரு சிறு நூல், தாம் யாரிடையே வாழ்ந்தாரோ அந்தப் பனையேறும் மக்களையே அறிவில் தாழ்ந்தவர்களாகச் சித்திரித்தது. அன்புக்குள்ளேயும் அகந்தை ஒளிந்திருக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அந்நூலை எதிர்த்து எழுந்தவர்கள் யார்? மிஷன் பள்ளிகளில் எழுத்துக் கற்ற அதே சமூகத்துப் பிள்ளைகள்! சாயர்புரத்தில் படித்த சட்டாம்பிள்ளை 1857-ல் மிஷனரிகளின் தலைமையை உதறி, பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். பின்னர் வேறு சிலர் நூல் எழுதி மறுத்தனர். மனுமேல் மனுப் போட்டனர். கடைசியில் அந்தச் சிறு நூல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அறிவில் தாழ்ந்தவர் என்று எழுதியவருக்கு, அறிவாலேயே விடை கிடைத்தது. அவர் தோற்ற இடத்தில் அவர் நடத்திய பள்ளி வென்றது!

1877-ல் பிஷப்பான கால்டுவெல், முதிய வயதில் தூத்துக்குடியில் தங்கினார். அதே ஊருக்கு, 14 வயதில், படிக்க வந்தான் ஓட்டப்பிடாரத்துச் சிறுவன் ஒருவன். சேவியர் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் பயின்றான். அந்தச் சிறுவன்தான் வ.உ.சிதம்பரனார்! 1906-ல் வெள்ளையனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர், கூலி உயர்வு பெற்றுத் தந்தவர், சிறையில் செக்கிழுத்தவர். ஆங்கில ஆட்சியின் நிழலில் வாழ்ந்த பிஷப்பின் பள்ளியில் படித்தவர், அந்த ஆட்சியின் கப்பலுக்கே போட்டியானார். கால்டுவெல் இதை நினைத்தா பள்ளி வைத்தார்? இல்லை. ஆனால் கதவைத் திறக்கத்தான் ஒருவரால் முடியும். உள்ளே வந்தவன் வெளியே போய் என்ன செய்வான் என்று கட்டளையிட முடியாது. கல்வியின் வல்லமை அதுதான்.

1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் அவர் கண் மூடினார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். 1968-ல், உலகத் தமிழ் மாநாட்டின்போது, அண்ணா முதலமைச்சராக இருக்கையில், சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

சிலைக்கு மாலை போடுவது எளிது. பள்ளி விழாவுக்குப் பந்தல் போடுவதும் எளிது. நம் தெருவில் படிப்பை நிறுத்திவிட்டு உப்பளத்துக்கோ கடலுக்கோ போன பிள்ளை எவன், ஏன் போனான் என்று விசாரித்து, அவனை மீண்டும் வகுப்பில் உட்கார வைப்பது கடினம். விழா ஆண்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை அது. இன்னொன்றும் உண்டு. மேடையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் ஒரு தொழிலாளியின் மகன் எழுந்து கேள்வி கேட்டால், அவனை உட்காரச் சொல்லாதீர்கள். அந்தப் பள்ளி அதற்காகத்தான் அங்கே நிற்கிறது.