ஆல்பிரட் ரெடில்

ஆல்பிரட் ரெடில் (மார்ச் 14, 1864 - மே 25, 1913) ஆஸ்திரியா-அங்கேரிப் பேரரசின் இராணுவ அதிகாரியும், அந்நாட்டு இராணுவ உளவுத்துறையில் எதிர் உளவுப் பணியை முன்னின்று நடத்தியவரும் ஆவார். ஒற்றர்களைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த இவர், பல ஆண்டுகளாக ரஷ்யாவுக்கு உளவு பார்த்து வந்தார் என்பது 1913 மே மாதத்தில் தெரியவந்தது. ஒரு நிறுவனத்தின் உள்ளிருப்பவரே அதன் இரகசியங்களை விற்பதற்கு எடுத்துக்காட்டாக இவரது பெயர் உளவு வரலாற்று நூல்களில் தொடர்ந்து இடம்பெறுகிறது.

இளமையும் கல்வியும்

ரெடில் கலீசியா மாகாணத்தின் லெம்பர்க் நகரில் பிறந்தார். இந்நகர் இன்று உக்ரைனில் லிவீவ் என அழைக்கப்படுகிறது. தந்தை இரயில்வே அலுவலர். பிள்ளைகள் பலர் இருந்த, வசதி குறைந்த குடும்பம் அது. உயர்குடிப் பிறப்போ சொத்தோ இல்லாத ரெடில், படிப்பிலும் மொழித்திறனிலும் சிறந்து விளங்கியதால் இராணுவத்தில் முன்னேறினார். வியன்னாவில் இருந்த போர்ப் பள்ளியில் பயின்ற பின், ரஷ்ய மொழி கற்பதற்காக 1899ஆம் ஆண்டு ரஷ்யாவின் கசான் நகருக்கு அனுப்பப்பட்டார்.

எதிர் உளவுப் பணி

1900ஆம் ஆண்டு முதல் ரெடில் வியன்னாவிலிருந்த எவிடென்ஸ்பியூரோ என்னும் இராணுவ உளவுத்துறையில் பணியாற்றினார். இத்துறை 1850இல் தொடங்கப்பட்டது. பகைநாட்டு ஒற்றர்களைக் கண்டறியும் பொறுப்பு நாளடைவில் இவரிடம் வந்து சேர்ந்தது. கைவிரல் ரேகைகளைச் சேகரித்தல், அலுவலகத்துக்கு வருவோரை அவர்கள் அறியாமல் புகைப்படம் எடுத்தல், பேச்சை ஒலிப்பதிவு செய்தல் போன்ற புதிய முறைகளை இவரே புகுத்தினார் எனப் பிற்கால நூல்கள் பல கூறுகின்றன. உளவு வழக்குகளில் நீதிமன்றங்கள் இவரை வல்லுநராக அழைத்துக் கருத்துக் கேட்டன. பிறரது குற்றத்தை எடைபோட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இவரும் அக்குற்றத்தைச் செய்துகொண்டிருந்தார்.

1912இல் பிராகா நகரிலிருந்த எட்டாவது படைப்பிரிவின் தலைமை அலுவலராக மாற்றப்பட்டார். வியன்னாவில் இவர் விட்டுச்சென்ற பணியை, இவரிடம் பயிற்சி பெற்ற மேக்சு ரோங்கே ஏற்றார்.

இரகசியங்களை விற்றல்

ரெடில் எப்போது ரஷ்யாவுக்கு வேலை செய்யத் தொடங்கினார் என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. படைகளைத் திரட்டும் திட்டங்கள், கோட்டைகள் பற்றிய விவரங்கள், ரஷ்யாவில் இருந்த ஆஸ்திரிய ஒற்றர்களின் பெயர்கள் ஆகியவை இவர் வழியாகச் சென்றன என்று கருதப்படுகிறது. தன்பாலின உறவுகளை வெளிப்படுத்தி விடுவதாக ரஷ்யர்கள் இவரை மிரட்டினர் என்பதே நெடுங்காலம் நிலவிய விளக்கம். ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆவணங்களை ஆராய்ந்து 2012இல் நூல் வெளியிட்ட வெரேனா மோரிட்ஸ், ஹானஸ் லைடிங்கர் ஆகிய ஆஸ்திரிய வரலாற்றாளர்கள் பண ஆசைக்கே முதன்மை தருகின்றனர்.

அந்தப் பணம் மறைவாகவும் இருக்கவில்லை. ரெடிலின் செலவுகள் ஓர் அதிகாரியின் ஊதியத்துக்குச் சற்றும் பொருந்தாதவை. விலையுயர்ந்த மோட்டார் வண்டி வைத்திருந்தார். தம் உறவினர் என்று அறிமுகப்படுத்திய இளம் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்குப் பெருந்தொகை செலவிட்டார். கேட்டவர்களுக்கு, உறவினர் சொத்து கிடைத்தது என்பதே பதில். அதைச் சரிபார்க்க எவரும் முற்படவில்லை. இத்தகைய ஐயங்களை விசாரிக்க வேண்டிய இருக்கையில் அவரே அமர்ந்திருந்தார் என்பதை இங்கு கருத வேண்டும்.

பிடிபடல்

1913ஆம் ஆண்டு வியன்னா தலைமை அஞ்சலகத்துக்கு, நேரில் வந்து பெற்றுக்கொள்ளும் முறையில், நிகோன் நிசேட்டாஸ் என்ற பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எவரும் வாங்காததால் அது ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே திறந்து பார்த்தபோது பெருந்தொகைப் பணமும், உளவுத் தொடர்புடையவை என ஏற்கெனவே அறியப்பட்ட முகவரிகளும் இருந்தன. ஜெர்மானிய உளவுத்துறை இதை வியன்னாவுக்குத் தெரிவித்தது. ரோங்கே அஞ்சலகத்தில் காவல் வைத்தார். அப்பெயரைக் கேட்டு யாராவது வந்தால் எழுத்தர் மணியடித்துக் காவலரை அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மே 24 மாலை மணி ஒலித்தது. காவலர்கள் வந்து சேர்வதற்குள் கடிதங்களை வாங்கியவர் வாடகை வண்டியில் ஏறிச் சென்றுவிட்டார். பின்னர் அவ்வண்டியைக் கண்டுபிடித்தபோது, இருக்கையில் ஒரு பேனாக்கத்தியின் உறை கிடந்தது. கிளோம்சர் விடுதியில், உறையைத் தொலைத்தவர் யார் என்று விருந்தினரிடம் கேட்கச் செய்தனர். அது தம்முடையது என்று கை நீட்டியவர் ரெடில். பரவலாகச் சொல்லப்படும் இக்கதையின் சில நுணுக்கங்களை ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர்.

இறப்பு

தலைமைத் தளபதி கான்ராட் வான் ஹெட்சன்டார்ஃப், செய்தி வெளியே பரவாமல் அன்றிரவே முடிந்துவிட வேண்டும் என விரும்பினார். ரோங்கே உள்ளிட்ட அதிகாரிகள் விடுதி அறைக்குச் சென்றனர். தாம் தனியாகவே செயல்பட்டதாகவும், தேவையானவை பிராகா இல்லத்தில் கிடைக்கும் என்றும் மட்டும் ரெடில் கூறினார். ஒரு கைத்துப்பாக்கி அவரிடம் கொடுக்கப்பட்டது. மே 25 அதிகாலையில் அவர் தம்மைச் சுட்டுக்கொண்டார்.

இம்முடிவு பெரும் தவறாகவே அமைந்தது. யாருக்கு, எதை, எத்தனை ஆண்டுகள் விற்றார் என்று முறையாக விசாரிக்கும் வாய்ப்பு அந்த அறையிலேயே முடிந்துபோனது. கத்தோலிக்கரான ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டியதற்காக இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கடுஞ்சினம் கொண்டார்.

மன உளைச்சலால் இறந்தார் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பிராகா செய்தியாளர் எகோன் எர்வின் கிஷ், உண்மையை மறுப்புச் செய்தி போன்ற வடிவில் எழுதித் தணிக்கையைத் தாண்டி வெளியிட்டார். பூட்டுத் தொழிலாளியான ஒரு கால்பந்து வீரர், ரெடிலின் வீட்டைத் திறக்க அழைக்கப்பட்டதால் ஆட்டத்துக்கு வரவில்லை என்றும், அவர் மூலமே செய்தி கிடைத்தது என்றும் கிஷ் பின்னாளில் எழுதினார். அது அவரது கற்பனையாக இருக்கலாம். சில நாட்களில் அரசும் உண்மையை ஒப்புக்கொண்டது.

விளைவுகள்

1914இல் செர்பியாவிலும் கலீசியாவிலும் ஆஸ்திரியப் படைகள் அடைந்த தோல்விகளுக்கு ரெடிலே காரணம் என்று பலர் எழுதினர். திட்டங்களை மாற்றி அமைக்க ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்ததையும், தளபதிகளின் சொந்தத் தவறுகளையும் கருதினால் இது மிகைப்படுத்தல் என்றே தோன்றுகிறது.

ஜான் ஆஸ்போர்னின் 1965ஆம் ஆண்டு நாடகம் ஒன்றும், இஷ்ட்வான் சாபோ இயக்கிய கர்னல் ரெடில் (1985) திரைப்படமும் இவரைப் பற்றியவை. திரைப்படத்தில் வரும் ரெடில் பெரிதும் கற்பனைப் பாத்திரம்.