மூணு உசிரு போன ராத்திரி

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. ஐடா ஸ்கடர் அம்மாவைப் பத்தி எழுதுறேன்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா அமெரிக்க மிஷனரி டாக்டர். ஐடாவுக்கோ இங்கே இருக்க விருப்பமில்லை, அமெரிக்காவில் வாழத்தான் ஆசை. உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கத் திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஒரே ராத்திரி மூணு பேர், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, பிரசவ வலியில் துடிக்கிற மனைவியைக் காப்பாத்தச் சொல்லி வந்தாங்க. ஐடா அப்போ டாக்டர் இல்லை. அப்பாவை வரச் சொல்றேன்னார். ஆம்பளை டாக்டர் வேண்டாம்னு மூணு பேரும் திரும்பிட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

ஐடா அழுது ஜெபம் பண்ணினதோட நிக்கலை. அமெரிக்காவில் 1899-ல் டாக்டர் படிப்பு முடிச்சு, மறு வருஷமே திரும்பினார். வேலூரில் 1902-ல் பெண்களுக்கு ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸ் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். கிராமங்களுக்குப் போய் ரோட்டோரத்திலும் வைத்தியம் பார்த்தார். கல்யாணம் பண்ணிக்காமல் உழைச்சு 1960-ல் மறைந்தார். இன்னைக்கு இருக்கிற வேலூர் சி.எம்.சி. அவர் போட்ட விதைதான்.

நானும் ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவதான். ஆனா என் மக நர்சிங் படிக்கணும்னப்போ, ராத்திரி டூட்டி வருமேன்னு வீட்டுல எல்லாரும் தடுத்தாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் அந்த மூணு பெண்களை நினைச்சேன். ராத்திரியில்தானே அவங்களுக்கு ஒரு பெண் தேவைப்பட்டா? ஜெபம் மட்டும் போதாதுன்னு புரிஞ்சுது. குழுவில் கடன் வாங்கி மகளைச் சேர்த்துட்டேன். தவணை கட்டிட்டு வர்றேன்.