ஸர் பொன்னம்பலம் அருணாசலம்

இலங்கைத் தீவின் நவீன சரித்திரத்தை அறிய விரும்பும் நம் அங்கத்தினர்கள் முதற்கண் அறியத்தக்கது ஸர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் சரித்திரமாகும். அன்னார் நந்தனத்தவருமல்லர், நம்மவர் என்று உரிமை பாராட்டுவதும் நமது நோக்கமன்று. நம் நாட்டினின்று கடல் கடந்து சென்ற ஏழைத் தொழிலாளருக்கு அவர் செய்த உபகாரத்தைக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

அவர் 1853ஆம் வருஷம் கொழும்பில் ஜனித்தார். ஸர் பொன்னம்பலம் இராமநாதன் அவருக்குத் தமையனார். கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையிற் கற்று, 1875இல் இலங்கை ஸிவில் ஸர்வீஸில் போட்டிப் பரீக்ஷை வழியாய்ப் பிரவேசித்த முதற் சுதேசியானார். ரிஜிஸ்திரார் ஜெனரலாயிருந்து பதிவு இலாகாவைச் சீர்திருத்தினார். 1901ஆம் வருஷக் குடிமதிப்பை நடத்தியவரும் அவரே. ஜனங்களை எண்ணியவருக்கு ஜனங்களின் கஷ்டம் தெரியாமலிருக்குமோ?

தீவின் ஐசுவரியம் தேயிலையினாலும் ரப்பரினாலும் வளர்ந்தது. மலைத் தோட்டங்களில் உழைத்தவரோ பெரும்பாலும் நம் தமிழ் ஜில்லாக்களினின்று சென்றவர்கள். முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்கிய கூலியாளுக்குச் சிறைவாசம் விதிக்கச் சட்டம் இடங்கொடுத்தது. அவன் பட்ட கடனைத் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதுவர். அக்கடனைச் செலுத்த வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவனுக்கு விடுதலையில்லை. தோட்டம் மாறினாலும் கடன் அவன் கூடவே சென்றது. மாட்டுச் சந்தையிலும் இவ்வளவு கொடுமை உண்டோ என்று நமக்குத் தோன்றுகிறது. 1913இல் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற அருணாசலம், 1919இல் தொழிலாளர் நலனுக்காக ஒரு ஸங்கம் நிறுவிப் போராடினார். பலருடைய முயற்சியும் கூடி, 1921இல் அச்சிறைத் தண்டனையும் துண்டு முறையும் ஒழிந்தன.

அதே 1919இல் சிங்களரும் தமிழரும் சேர்ந்தமைத்த இலங்கைத் தேசிய காங்கிரஸுக்கு அவர் முதல் அக்கிராசனர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஒரு சட்டசபை ஸ்தானம் அளிக்கப்படுவதை ஆதரிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் 1918இல் எழுத்து மூலம் வாக்களித்திருந்தனர். 1921இல் அவ்வாக்குத் தவறியது, அவரும் விலகினார். ஒரு ஸ்தானத்துக்காக இவ்வளவு பிடிவாதமா என்போருமுளர். போனது ஸ்தானமன்று, நம்பிக்கையே என்பது நம் அபிப்பிராயம்.

1948இல் தீவு சுதந்தரமடைந்த அவ்வருஷத்திலேயே, புதிய குடியுரிமைச் சட்டத்தால் அம்மலைத் தொழிலாளரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்களுக்காக வாதாட அருணாசலம் அப்பொழுது இல்லை. தென்னாட்டு ஸ்தல யாத்திரைக்கு வந்தவர், 1924ஆம் வருஷம் ஜனவரி 9ஆம் தேதி மதுரையில் தேகவியோகமானார்.