மொறப்பாக்கம் கோபாலன்



அறுவடையான கழனியிலே நம் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஆடுவதை நீங்கள் பார்க்காத நாளில்லை. யாரோ ஒரு பையன் ஓடிவந்து முதல் பந்தைப் போடுகிறான். பொழுது சாய்ந்தால் அது யார் நினைவிலும் இராது. ஆனால் 1934-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் ஒருவர் போட்ட முதல் பந்தை இந்தியா இன்னும் மறக்கவில்லை. மாகாணத்துக்கு மாகாணம் மோதும் ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் அந்தப் பந்தோடுதான் ஆரம்பமாயிற்று. அதை வீசியவர் எங்கோ தூர தேசத்தார் அல்லர். நம் சாலவாக்கம் சேர்ந்திருந்த அதே பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், மொறப்பாக்கம் என்னும் கிராமத்திலே பிறந்தவர். எம். ஜே. கோபாலன் என்று அவரைச் சொல்வார்கள். அந்த முதலெழுத்து அவருடைய ஊரின் பெயர்தான்.

அவர் பிறந்தது 1909-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி என்று ஆட்டப் புத்தகங்கள் சொல்லுகின்றன. எளிய குடும்பம். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி சங்கத்துக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்த இளைஞரை, அக்காலத்தில் சென்னைக் கிரிக்கெட்டுக்குத் தூணாக இருந்த ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் கண்டுகொண்டார். மெச்சிப் பேசியதோடு நில்லாமல், பர்மா ஷெல் என்ற எண்ணெய்க் கம்பெனியில் ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார். இதைச் சிறிய உபகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 1930-ம் வருஷத்திலே அமெரிக்காவில் பேஸ்பால் என்ற மட்டைப்பந்து ஆடிய பேப் ரூத் என்பவருக்கு வருஷச் சம்பளம் 80,000 டாலர். நம் நாட்டிலோ கிரிக்கெட்டை நம்பி அடுப்பு எரியாது. கம்பெனி உத்தியோகம்தான் சோறு போட்டது.

அந்த முதல் பந்தயத்தின் கதையைக் கேளுங்கள். எதிரே நின்றவர்கள் மைசூர்க்காரர்கள். முதல் தடவை 48 ஓட்டம், இரண்டாந் தடவை 59 ஓட்டம், அவ்வளவோடு சுருண்டார்கள். சென்னை ஒரே தடவை ஆடி எடுத்தது 130. பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது! அன்றைய வீரர் என்னவோ கோபாலன் அல்லர். 35 ஓட்டம் மட்டும் கொடுத்து 11 பேரை வெளியேற்றிய ராம்சிங்தான். ஆனாலும் முதல் பந்து முதல் பந்துதானே.

அதே 1934-ம் வருஷம் ஜனவரி மாதத்திலே கோபாலன் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் பந்தயம் ஆடியிருந்தார். இங்கிலாந்துக்கு எதிராகக் கல்கத்தாவில் நடந்தது. ஒரு விக்கெட் எடுத்தார், இரண்டு தடவையும் சேர்த்து 18 ஓட்டம் எடுத்தார். அடுத்த மாதமே சென்னையில் முதன்முதலாக ஒரு டெஸ்ட் நடந்தது. அவர் நாள்தோறும் ஓடியாடிய அதே சேப்பாக்கம் மைதானம். ஆனால் அணியில் அவர் இல்லை. பிறகு ஒருபோதும் டெஸ்டில் இடம் கிடைக்கவுமில்லை. நிஸார், அமர்சிங் என்ற இரண்டு மகா பந்துவீச்சாளர்கள் இருந்த காலம் அது. அவர்களைத் தள்ளிவிட்டு யாரைச் சேர்ப்பது?

இனிச் சொல்லப்போவதுதான் அவர் வாழ்க்கையிலே என்னை மிகவும் நிறுத்தி வைக்கிற பகுதி. கோபாலன் கிரிக்கெட்டோடு ஹாக்கியிலும் சூரர். 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூஜிலாந்து சென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார். அந்தப் பிரயாணத்தில் நம்மவர்கள் 48 பந்தயங்களில் 584 கோல் போட்டார்கள் என்றால் அந்த அணி எப்பேர்ப்பட்டது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறு வருஷம் 1936. பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம். அதற்கான ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்கு அழைப்பு ஒரு பக்கம். இங்கிலாந்துக்குக் கப்பலேறும் கிரிக்கெட் அணியிலே இடம் மறு பக்கம். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். ஹாக்கியில் இந்தியா 1928-லும் 1932-லும் தங்கம் வென்றிருந்தது. மூன்றாந்தடவையும் வெல்லும் என்பது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கிரிக்கெட்டிலோ நமக்கு அதுவரை ஒரு டெஸ்ட் வெற்றிகூடக் கிடையாது. கோபாலன் கிரிக்கெட்டோடு போனார்.

என்ன நடந்தது? விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் போன அந்த அணிக்குள் ஒரே பூசல். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அமர்நாத்தையே நடுவில் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று டெஸ்டுகளில் இரண்டு தோல்வி. அவற்றில் ஒன்றில்கூடக் கோபாலனை இறக்கவில்லை. சின்னச் சின்னப் பந்தயங்களோடு அவர் கோடைகாலம் கழிந்தது. ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் தியான்சந்தின் தோழர்கள் ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று வென்று தங்கம் வாங்கினார்கள்.

அவர் தப்புக் கணக்குப் போட்டார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முடிவைப் பார்த்த பிறகு யார்தான் அப்படிச் சொல்லமாட்டார்கள்! லாபத்தை எண்ணியிருந்தால் அவர் ஹாக்கிக்கல்லவா போயிருப்பார்? மனம் எதில் ஒட்டியதோ அதோடு போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சாட்சி, ஊர் திரும்பியவர் மட்டையையும் பந்தையும் மூலையில் போட்டுவிடவில்லை. 1950-களின் ஆரம்பம் வரை ஆடிக்கொண்டேயிருந்தார். முதல்தரப் பந்தயங்கள் 78-ல் 2,916 ஓட்டமும் 194 விக்கெட்டும் அவர் பேரில் இருக்கின்றன. கால் நூற்றாண்டு உழைப்பின் கணக்கு இது.

பிற்பாடு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அமர்ந்தார். சென்னையும் இலங்கையும் மோதும் பந்தயத்துக்கு 1950-களில் அவர் பெயராலேயே கோபாலன் கோப்பை என்று ஏற்பட்டது. உயிரோடிருக்கும்போதே ஒருவர் பெயரில் கோப்பை! 1964-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. சேப்பாக்கத்தில் ஒரு வாயிலுக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கடைசியாக ஒரு சாதனை தானாகவே அவரைத் தேடிவந்தது. 2003-ம் வருஷம் அக்டோபர் கடைசியில் நியூஜிலாந்துக்காரரான லிண்ட்ஸே வெயர் காலமானதும், உலகத்தில் உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் மூத்தவர் என்ற ஸ்தானம் கோபாலனுக்கு வந்தது. ஏழு வாரம் அதில் இருந்தார். டிசம்பர் 21-ந் தேதி சென்னையில் கண்மூடினார். வயது 94 என்று எழுதினார்கள். இல்லை, இன்னும் மூன்று வயது கூடுதல் என்றார்கள் அவர் வீட்டார்.